பாதுகாக்கப்பட்ட குட்டை

பலகை நடப்படும் நாள்வரை அந்தத் தெருவில் தண்ணீர் தேங்கியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில், பின்னர் வெளிவந்த அறிக்கைகள் எல்லாம் தண்ணீரிலிருந்துதான் தொடங்குகின்றன. பலகையைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை.

சமூக மேம்பாட்டுத் துறையும் பொதுச் சுகாதாரத் துறையும் கைகோத்து நலமான குடியிருப்புகளை உருவாக்குவது என்று முடிவாயிற்று. அதற்கு மாதிரியாக அந்தத் தெரு தேர்ந்தெடுக்கப்பட்டது. தேர்ந்தெடுத்தவர் யார் என்று கேட்கக் கூடாது. அவ்விரு துறைகளின் வாக்கியங்களிலும் எல்லாம் செய்யப்படும், வழங்கப்படும், உறுதிசெய்யப்படும். செய்கிறவர் மட்டும் எந்த வாக்கியத்திலும் அகப்படமாட்டார்.

கைகோத்ததற்கு அடையாளமாக ஒரு பெரிய பலகை தயாராயிற்று. அதில் இரண்டு துறைகளின் சின்னங்களும் இடம்பெற வேண்டும். இடப்பக்கம் யாருடைய சின்னம் வருவது என்பதில் சிக்கல் எழுந்தது. முதலில் படிக்கப்படுவது இடப்பக்கம் என்பதால் இருவருமே வலப்பக்கத்தை மற்றவருக்கு மனமுவந்து விட்டுக்கொடுத்தார்கள். நெடிய ஆலோசனைக்குப் பின்னர், பலகையின் இருபுறமும் எழுதி, ஒரு புறத்தில் ஒருவருக்கும் மறுபுறத்தில் மற்றவருக்கும் இடப்பக்கத்தைக் கொடுப்பது என்று தீர்வு கண்டார்கள். அப்படியானால் தெருவின் இரு முனைகளிலிருந்து வருபவர்களுக்கும் பலகை சமமாகத் தெரிய வேண்டும். அளந்து பார்த்தபோது அத்தகைய இடம் தெருவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சாக்கடை.

சாக்கடையின் மூடியை உடைத்தார்கள். இரண்டு இரும்புக் கால்களை உள்ளே இறக்கினார்கள். அவை ஆடக் கூடாதென்று கான்கிரீட்டை மனதாரக் கொட்டினார்கள். திறப்பு விழாவின் கைதட்டல் முடிந்தது. மறுநாள் காலையில் தெருவாசிகள் எல்லோரும் குளித்த தண்ணீர் வழக்கம்போல் ஓடிவந்து, பலகையின் காலடியில் நின்று, போக வழியில்லாமல் சலூன்காரரின் வாசலில் படுத்துக்கொண்டது.

சலூன்காரரின் வீடு, சலூனுக்குப் பின்னால்தான் இருந்தது. முன்னறையில் ஒரு சுழல்நாற்காலி, ஒரு கண்ணாடி. நடுவில் ஒரு திரை. திரைக்கு அப்பால் குடும்பம். குடும்பம் என்பது அதுவரை அவரும் அவர் மனைவியும். மூன்றாவது ஆள் அவசரப்பட்டு, நாள் நிறைவதற்கு முன்பே பிறந்து, மருத்துவமனையின் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தது. பெண் குழந்தை. அதன் உள்ளங்கை, தந்தையின் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியதாக இருந்தது.

குழந்தைகள் மருத்துவர் சுற்றிவளைத்துப் பேசாத மனிதர்.

"எடை ஏறிட்டிருக்கு. சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிடலாம். ஆனா வீட்டு வாசல்ல சாக்கடைத் தண்ணி நிக்குதுன்னு உங்க மனைவி சொன்னாங்களே?"

"ஆமாங்க டாக்டர். இப்பத்தான் கொஞ்ச நாளா."

"கொசு?"

"சொல்லி மாளாது."

"இந்தக் குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தாத் தாங்காது. எனக்கு உங்களைப் பயமுறுத்தணும்னு ஆசையில்ல. வாசல்ல நிக்கிற தண்ணியை எடுத்துட்டு, அப்புறமா வந்து பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க."

இது எளிய காரியமாகவே சலூன்காரருக்குப் பட்டது. தண்ணீர் நிற்பது துறைகளுக்குத் தெரியாது, தெரிந்தால் எடுத்துவிடுவார்கள் என்று அவர் நம்பினார். அவர் நல்ல மனிதர்.

இரண்டு துறைகளும் ஒரே கட்டடத்தில், ஒரே நடைகூடத்தில், எதிரெதிர் அறைகளில் இயங்கின. இரண்டு அறைகளுக்கும் கதவுகள் இருந்தும், ஒருங்கிணைப்பு தொடங்கியதிலிருந்து அவற்றைச் சாத்துவதில்லை என்று விதி. ஆகையால், இந்த அறையில் சொல்லப்படுவது அந்த அறையில் தெளிவாகக் கேட்கும். கேட்டதாக யாரும் காட்டிக்கொள்ளமாட்டார்கள்.

"தண்ணியில கொசு இருக்கா?" என்று கேட்டார் மேம்பாட்டு அதிகாரி.

"நிறைய இருக்குங்க சார்."

"அப்ப அது சுகாதாரம். எதிர்ல போங்க."

எதிரில் இருந்த சுகாதார அதிகாரி, அவர் வாய் திறப்பதற்குள் தலையை ஆட்டினார். "கொசுவுக்கு மருந்தடிக்க நாங்க ரெடி. ஆனா தெருவுல தண்ணி நின்னா அது தெருவோட குறை. தெரு மேம்பாடு. தண்ணியை அவங்க எடுத்ததும் சொல்லுங்க, வந்து அடிச்சிடறோம்."

"தண்ணியை எடுத்துட்டா கொசுவே இருக்காதே சார்?"

"அப்ப நாங்க வர வேண்டிய அவசியமே இல்ல பாருங்க" என்றார் சுகாதார அதிகாரி, ஒரு பிரச்சினை தீர்ந்த மகிழ்ச்சியுடன்.

நடைகூடத்தில் திகைத்து நின்ற சலூன்காரரை ஒருங்கிணைப்பாளர் கண்டெடுத்தார். இரு துறைகளையும் இணைப்பதற்கென்றே நியமிக்கப்பட்ட அம்மையார் அவர். அறைகள் இரண்டும் நிரம்பிவிட்டதால் அவருடைய மேசை நடைகூடத்திலேயே போடப்பட்டிருந்தது. சலூன்காரரின் கதையைக் கேட்ட அவர் கண்களில் ஒளி பிறந்தது.

"உங்களைத்தான் சார் தேடிட்டிருக்கோம்! எங்க கூட்டத்துல எல்லாரும் இருக்காங்க, மக்கள் குரல் மட்டும் இல்ல. வியாழக்கிழமை வந்துடுங்க."

வியாழக்கிழமை சலூனைப் பூட்டிவிட்டுப் போனார். சட்டையில் 'மக்கள் குரல்' என்று எழுதிய அட்டையைக் குத்தினார்கள். கூட்டம் ஒரு பயிற்சியுடன் தொடங்கியது. ஒருவர் பார்வையை மற்றவர் உணரும்பொருட்டு அதிகாரிகள் இருவரும் இருக்கை மாறி அமர வேண்டும். எழுந்தார்கள், வழியில் கைகுலுக்கினார்கள், புகைப்படம் எடுக்கப்பட்டது, மாறி அமர்ந்தார்கள். பின்வரிசையில் இருந்த சலூன்காரருக்கு இருவருடைய பிடரியும் தெரிந்தது. இருவரும் ஒரே கடையில் முடிவெட்டிக்கொள்வதாகத் தோன்றியது. வெட்டியவர் இருவருக்குமே இடப்பக்கத்தைச் சற்று உயர்த்தி விட்டிருந்தார்.

முறை வந்ததும் சலூன்காரர் எழுந்து, வீட்டில் ஒத்திகை பார்த்துவைத்திருந்த ஒரே கோரிக்கையைச் சொன்னார்.

"அந்தப் பலகையைக் கொஞ்சம் தள்ளி நட்டுட்டா போதும் சார். தண்ணி தானாப் போயிடும். எம்பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கா. வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்."

மேம்பாட்டு அதிகாரி தொண்டையைச் செருமினார். "நியாயமான கோரிக்கைதான். ஆனா இப்ப நான் சுகாதாரத்தோட இடத்துல உட்கார்ந்திருக்கேன். பலகையைத் தோண்டற அதிகாரம் இந்த நாற்காலிக்கு இல்ல."

சுகாதார அதிகாரியும் வருந்தினார். "இந்த நாற்காலிக்கு அதிகாரம் இருக்கு. ஆனா உட்கார்ந்திருக்கிற எனக்கு இல்ல."

"அப்படின்னா அவங்கவங்க நாற்காலியில உட்கார்ந்து சொல்லிடுங்களேன் சார்?"

ஒருங்கிணைப்பாளர் முகம் வாடிவிட்டது. "துறை துறையாப் பிரிஞ்சு கிடந்த பழைய காலத்துக்கே எங்களைத் திரும்பிப் போகச் சொல்றீங்களா? நாங்க எவ்வளவு தூரம் வந்திருக்கோம் தெரியுமா சார்?" என்று கேட்டுவிட்டு, அவைக்குத் திரும்பி உரையாற்றத் தொடங்கினார். "முன்னெல்லாம் ஒரு வேலை நடக்கலைன்னா, இந்தத் துறைதான் காரணம்னு யார் வேணும்னாலும் விரலை நீட்டிடலாம். இன்னைக்கு அப்படி முடியுமா? முடியாது! பொறுப்பை அந்த அளவுக்குப் பகிர்ந்துக்கிட்டிருக்கோம். யார்கிட்டயும் தனியா எதுவும் மிச்சமில்ல!"

பலத்த கைதட்டல். மக்கள் குரலும் தட்டியது. எல்லோரும் தட்டும்போது சும்மா இருப்பது மரியாதையாக இராது என்று அவருக்குத் தோன்றியது.

அந்த வாரமே தெருவுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். சலூன்காரர் வாடிக்கையாளரின் ஒரு கன்னத்தை மட்டும் மழித்த நிலையில் வெளியே ஓடினார். அளவுகோல்களும் புகைப்படக் கருவிகளுமாய் ஒரு கூட்டம் குட்டையைச் சுற்றி நின்றது. நீளத்தையும் அகலத்தையும் அளந்தார்கள். நிறத்தைப் பதிவுசெய்தார்கள். ஒரு புட்டியில் சிறிது மொண்டு, குழந்தையைத் தூக்குவதுபோல் பக்குவமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு குட்டையைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டினார்கள்.

"எடுக்கப்போறீங்களா மேடம்?"

"எடுக்கறதா?" கூட வந்திருந்த ஒருங்கிணைப்பாளர் பதறிப்போனார். "சார், இது இனிமே உங்க வாசல் தண்ணி இல்ல. இதுதான் எங்க அடிப்படை நிலை. முன்னேற்றத்தை எதை வச்சு அளக்கறது? இதை வச்சுத்தான். மதிப்பீட்டுக் குழு வந்து பார்க்கிறவரைக்கும் இதுல ஒரு சொட்டுக்கூடக் குறையக் கூடாது. நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க, கொஞ்சம் பார்த்துக்கோங்க."

சலூனின் மாடியில் குடியிருந்த பெண்மணியை அந்தத் தெருவில் எல்லோரும் 'மாடிவீட்டு அக்கா' என்றே அழைப்பார்கள். அவர் சன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, சாக்கடைக்கு வேலி போட்டுக் காவலுக்கு உன்னையும் வச்சுட்டாங்களா? சம்பளம் உண்டான்னு கேட்டுக்கோ!"

அதன் பின்னர் தெருவில் நலம் பெருகத் தொடங்கியது. காலைதோறும் நலநடை நடந்தது. தெருவில் கயிறு கட்டாத பகுதி குறுகலாக இருந்தமையால், எல்லோரும் குட்டையைச் சுற்றியே நடந்தார்கள். கொசுக்களை அடிப்பதற்காகக் கைகளை வீசியதை, உற்சாகமான பங்கேற்பு என்று பதிவுசெய்தார்கள். வீடு வீடாக மனநலக் கணக்கெடுப்பும் நடந்தது. உங்கள் தெருவை நினைத்தவுடன் எந்த நிறம் தோன்றுகிறது என்று கேட்டார்கள். தெருவே ஒருமனதாகப் பச்சை என்றது. குட்டை அப்போது அந்நிறத்தை அடைந்திருந்தது. 'பசுமை உணர்வு முழுமை' என்று குறித்துக்கொண்டு போனார்கள்.

கை கழுவும் பயிற்சிக்கு அதிகாரிகள் இருவருமே நேரில் வந்தார்கள். தண்ணீர் ஏற்பாடு செய்யவேண்டியது எந்தத் துறை என்பது முடிவாகாததால், பயிற்சி தண்ணீர் இல்லாமலேயே நடந்தது. எல்லோரும் வெறுங்கையைக் காற்றில் தேய்த்தார்கள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று அதிகாரிகள் முன்னின்று தேய்த்துக் காட்டினார்கள்.

"தண்ணி இல்லாம என்னத்தைக் கழுவறது சார்?" என்றார் மாடிவீட்டு அக்கா. "தெருவுல இருந்த ஒரே தண்ணியையும் கயித்தைக் கட்டிப் பூட்டிட்டீங்க."

"முக்கியமானது தண்ணி இல்லம்மா, மனமாற்றம்" என்றார் சுகாதார அதிகாரி.

சலூன்காரரும் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே ஒருங்கிணைப்பாளரின் பக்கமாக நகர்ந்து, "மேடம், அந்தக் குழு எப்ப வரும்? எம்பொண்ணு..." என்று தொடங்கினார்.

"வரும் சார். வரவழைக்கப்படும்."

மருத்துவமனையில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே எடை ஏற வேண்டும் என்றால் ஏறியது. சலூன்காரர் போன ஒரு மாலையில் மனைவி அவருக்காகவே வாசலில் காத்திருந்தாள்.

"நாளைக்கு மதியம் அனுப்பறாங்களாம். பெட்டி வேற குழந்தைக்கு வேணுமாம். தண்ணியை எடுத்தாச்சான்னு டாக்டர் கேட்டாரு. என்ன சொல்றது?"

அவர் தரையைப் பார்த்தார்.

"இன்னும் நிக்குதா?"

"கயிறு கட்டியிருக்காங்க."

"கயிறா? கொசு கயித்தைத் தாண்டாதா?" அவள் குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். "உங்களுக்கு யாரையும் எதுத்துப் பேச வராது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டேன். ஆனா இது அவ வீடுங்க. நாளைக்கு அவ வீட்டுக்கு வர்றா. அவ்வளவுதான் சொல்வேன்."

மறுநாள் விடிந்ததும் சலூன்காரர் கடப்பாரை ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு பலகையின் முன் போய் நின்றார். அதிகாரிகளிடம் சொல்லவேண்டிய விளக்கத்தை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நன்றாக வரவில்லை. ஆகவே கடப்பாரையை ஓங்கிப் போட்டார். இரண்டாம் அடிக்குள் மாடிவீட்டு அக்கா இறங்கி வந்துவிட்டார். அவர் பின்னால் தெருவே வந்தது.

"தள்ளு தம்பி. கத்தரிக்கோல் பிடிக்கிற கையால கான்கிரீட்டை வெட்டினா நாளைக்கு எவன் காதையாவது வெட்டிடுவே. குடு இப்படி."

மாறி மாறி இடித்தார்கள். துறைகள் கட்டிய பொருள்களிலேயே உறுதியானது அதுதான் என்பது அப்போது தெரிந்தது. கடைசியில் பலகை சாய்ந்தது. சாக்கடை ஒருமுறை விக்கியது; பிறகு குட்டை முழுவதையும் உறிஞ்சிக் குடித்துவிட்டது. பெண்கள் தங்கள் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றித் தேய்த்துக் கழுவினார்கள். ஒருவர் சுண்ணாம்புத் தூள் தூவினார். உடைந்த மூடியின்மேல் ஒரு கற்பலகையைக் கிடத்தினார்கள். தெரு, பலகை வருவதற்கு முன் இருந்தபடியே ஆகிவிட்டது. அதைவிட மேம்பட்ட நிலையை அங்கே எவரும் கேட்டிருக்கவில்லை.

சலூன்காரர் குளித்து, சலவைச் சட்டை அணிந்து, மருத்துவமனைக்குப் புறப்பட்டார். "எடுத்தாச்சு டாக்டர்" என்றார். மருத்துவர் தலையசைத்து, குழந்தையைத் தாயின் கையில் கொடுத்தார்.

வாடகைக் காரில் திரும்பும் வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். அவர் அவ்வளவு பேசி மனைவி கேட்டதில்லை. கடப்பாரையைப் பற்றிச் சொன்னார், பலகை சாய்ந்த சத்தத்தைச் செய்து காட்டினார், குழந்தை விழித்துக்கொண்டது.

தெருமுனையில் கார் நின்றுவிட்டது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி நின்றதால் வழி இல்லை.

அந்தத் தெருவாசிகள் தண்ணீர் லாரி கேட்டு அலுத்துப்போனவர்கள். அவர்களுக்கு ஒருபோதும் வராத லாரி, அன்று கேட்ட மாத்திரத்தில் வந்திருந்தது. மேம்பாட்டுத் துறையின் ஆட்கள் பலகையை மீண்டும் சாக்கடைக்குள் நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுகாதாரத் துறையின் ஆட்கள் கான்கிரீட்டைக் கொட்டினார்கள். கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு சுகாதார அதிகாரி அளவு சொல்ல, மேம்பாட்டு அதிகாரி லாரியின் குழாயைத் தம் கையாலேயே பிடித்துக் குட்டையை நிரப்பிக்கொண்டிருந்தார். "இடப்பக்கம் கொஞ்சம் குறையுது சார்!" "இதோ விடறேன் சார்!" யாரும் யாரையும் எதிர் அறைக்கு அனுப்பவில்லை. இரண்டு துறைகளும் அவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்ததை அந்த ஊர் அதற்கு முன்னர் பார்த்ததில்லை, பின்னரும் பார்க்கவில்லை.

சலூன்காரர் காரிலிருந்து இறங்கி ஓடினார்.

"மேடம்! என்ன மேடம் இது? காலையிலதானே போச்சு!"

"நீங்களா சார்?" ஒருங்கிணைப்பாளர் கோபப்படவில்லை, நெஞ்சில் கைவைத்து வருந்தினார். "உங்களை நம்பித்தானே பார்த்துக்கச் சொன்னேன்? இன்னும் கொஞ்ச நேரத்துல மதிப்பீட்டுக் குழு வந்துடும். அவங்க வர்றப்ப இங்க தண்ணி இல்லைன்னா, நாங்க எதைச் சரி பண்ணப்போறோம்னு காட்டறது?"

"சரி ஆயிடுச்சே மேடம்! நாங்களே சரி பண்ணிட்டோமே!"

"அதான் சார் பிரச்சினை. அது திட்டத்துல இல்ல. அடுத்த கட்டத்துல கண்டிப்பா எடுக்கப்படும். முறையா எடுக்கப்படும். குழந்தை வந்தாச்சா? அடடே! கொஞ்சம் தூக்கிட்டு வாங்க, பலகை பக்கத்துல நின்னு ஒரு படம் எடுத்துக்கலாம்."

மாடிவீட்டு அக்கா சன்னலிலிருந்து கத்தினார். "தம்பி! நாங்க தடுத்துப் பார்த்தோம்ப்பா! அரசாங்கக் குட்டையை அழிச்சதுக்குக் கேஸ் போடுவோம்னு சொல்றாங்கப்பா!"

சலூன்காரர் தம் வாசலைப் பார்த்தார். காலையில் தேய்த்துக் கழுவிய படியின்மேல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. திரும்பிக் காரைப் பார்த்தார். மனைவி இறங்கவில்லை. புடைவைத் தலைப்பால் குழந்தையை முழுவதுமாக மூடியிருந்தாள். அவர் அருகில் போனதும் அவள் ஓட்டுநரிடம் சொன்னாள்.

"வண்டியைத் திருப்புங்கண்ணா. எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடலாம்."

"நான் சாமான் கொஞ்சம்..." என்றார் சலூன்காரர்.

"முதல்ல ஏறுங்க."

அவர் ஏறிக்கொண்டார். கார் பின்னால் நகர்ந்து முனையில் திரும்பும்போது, எதிரே மதிப்பீட்டுக் குழுவின் வண்டி வந்தது. கார் ஒதுங்கி அதற்கு வழிவிட்டது.

குழுவின் தலைவர் குட்டையைச் சுற்றி வந்து பார்த்தார். தாளில் இருந்த அளவுடன் அது இம்மியும் பிசகாமல் பொருந்தியது. ஒரு குட்டையை இத்தனை நேர்த்தியாகப் பராமரித்ததைத் தாம் எங்குமே கண்டதில்லை என்று அவர் பாராட்டினார். பிறகு தம் கேள்விகளுக்கு வந்தார்.

"இந்தத் தெருவில் காய்ச்சல் அபாயத்தில் உள்ள கைக்குழந்தைகள் உண்டா?"

ஒருங்கிணைப்பாளர் தெருமுனையை எட்டிப் பார்த்தார். கார் மறைந்துவிட்டது.

"ஒன்றுகூட இல்லை ஐயா" என்றார்.

தலைவர் வியந்தார். குறுகிய காலத்திற்குள் இது பெருஞ்சாதனை அன்றோ என்றார். அதிகாரிகள் இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள், புகைப்படம் எடுக்கப்பட்டது. மேலே சன்னல் ஒன்று படாரென்று சாத்திக்கொண்டது.

"கடைசியாக ஒன்று. கை கழுவும் பயிற்சி நடந்ததா?"

நடந்தது என்றார்கள். தெருவாசிகளைச் செய்து காட்டச் சொல்லலாமா என்று தலைவர் கேட்டார். தெருவாசிகள் எல்லோரும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். ஆகவே மேம்பாட்டு அதிகாரியும் சுகாதார அதிகாரியும் ஒருங்கிணைப்பாளரும் குட்டையின் கரையில் வரிசையாக நின்று, வெறுங்கைகளைக் காற்றில் தேய்த்துத் தேய்த்துக் காட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால், சலூனின் பூட்டிய கதவுக்கு அடியில் தண்ணீர் புகுந்து, சுழல்நாற்காலியை நோக்கி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.